சோளகத்துக்கு எதிரே சைக்கிள்

2011 ஜூலையில் இலங்கையின் தென்கோடியான தெவுந்தரை முனையிலிருந்து ஒரு கூட்டம் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று நடத்திய 'ட்ரெயில்' நடைபயணம் அது. ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து அவர்கள் பருத்தித்துறையை அடைந்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கான நிதி அந்த நடையில்தான் திரண்டது. 2016இல் அதே பாதையை எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரைக்கு நடந்தார்கள். அந்த முறை நிதி, காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போனது.

இதையே சைக்கிளில் செய்தால் என்ன என்று யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்களிலும் புலம்பெயர்ந்தோர் வட்டங்களிலும் அடிக்கடி பேச்சு எழும். பௌதிகப்படி நல்ல யோசனைதான். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் நடக்க ஏறக்குறைய 50 கிலோகலோரி செலவாகும். அதே தூரத்தை மெதுவாக சைக்கிளில் உழக்கிப் போனால் 15 கிலோகலோரி அளவில் முடிந்துவிடும். 1973இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எஸ்.எஸ். வில்சன் எழுதிய கட்டுரை, சைக்கிளில் போகும் மனிதன் ஒரு கிலோ நிறையை ஒரு கிலோமீற்றர் நகர்த்தச் செலவிடும் சக்தி எந்த விலங்கையும் எந்த எந்திரத்தையும் விடக் குறைவு என்று காட்டியது. ஒரு மாதம் நடந்த தூரத்தை ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

ஆனால் ஏற்பாட்டுக் கூட்டங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி 'எத்தனை கிலோமீற்றர்?' என்பது. அடுத்தது 'எவ்வளவு காசு சேர்க்கலாம்?' மூன்றாவதாக ரீ-சேர்ட்டின் நிறம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் மாதம் அது என்று கேட்பவர் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

குடாநாடு கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே எழுந்த சுண்ணாம்புக்கல் மேடை. மலை இல்லை, சொல்லத்தக்க ஏற்றமும் இல்லை. மூன்று பக்கமும் கடலும் நடுவில் நீரேரிகளும் இருப்பதால் காற்றைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரி தொடங்கிய பின் மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. இடையே வரும் பங்குனி, சித்திரையில் காற்று தளரும். ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுபவர்களும், பளைப் பக்கம் புலோப்பளையில் காற்றாலை நட்டவர்களும் இந்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். சைக்கிள்காரருக்கும் அதே நாட்காட்டிதான்.

பருத்தித்துறை வீதியில் வல்லைவெளியைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவரங்கால், அச்சுவேலிப் பக்கத்து வீடுகளும் பனைகளும் முடிந்து, தொண்டைமானாற்று நீரேரியின் வெட்டவெளி தொடங்கும் இடத்தில், எதிர்காற்று நாளில் சைக்கிளின் வேகம் சட்டென்று பாதியாகும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வடகிழக்கே இருப்பதால், ஆடி மாதத்தில் போகும்போது சோளகம் முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சைத் தள்ளும்.

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் சைக்கிளைத் தடுப்பவை இரண்டு. ஒன்று ரயர் தரையில் நசுங்கி விரிவதால் வரும் உருளல் தடை. வேகம் கூடினாலும் இது ஏறக்குறைய மாறாது. மற்றது காற்றுத் தடை. இது காற்றுக்கும் நமக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அந்தத் தடையை எதிர்த்துச் செலவிடும் வலு, காற்று அசையாத நாளில், வேகத்தின் மும்மடியாகக் கூடும். காற்றாலை தரும் மின்சாரமும் காற்று வேகத்தின் மும்மடியைத்தான் பின்பற்றுகிறது. அதனால்தான் காற்று சற்றுக் கூடினாலே காற்றாலைக்காரருக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில், காற்றில்லாத காலையில் மணிக்கு 15 கிலோமீற்றர் போக ஏறத்தாழ 55 வாட் போதும். 20 கிலோமீற்றருக்கு 100 வாட், 25க்கு 165 வாட். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்காகத் தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இந்த வலுவைக் கையால் அளந்து பார்த்த தலைமுறை. அந்த டைனமோவின் முழு அளவே 3 வாட். ஒரு மனிதக் காலுக்குள் முப்பது டைனமோவை ஓட்டும் வலு இருக்கிறது. 165 வாட் வேண்டுமென்றால் மாதக்கணக்கான பயிற்சி தேவை.

இப்போது எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம் வீசட்டும். அதே 15 கிலோமீற்றர் வேகத்தைக் காக்க 165 வாட் வேண்டும். காற்றில்லாத நாளில் 25இல் பறக்கத் தேவையான வலு அது. மறுபக்கம், அதே காற்று முதுகில் இருந்தால் 25இல் போக 55 வாட்கூட வேண்டாம். ஒரே வீதி, ஒரே சைக்கிள், ஒரே ஆள். திசை மட்டும் மூன்று மடங்கு வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது.

இந்தக் கூடுதல் தடையைச் சரிவாக மாற்றினால், 100 மீற்றருக்கு 3 மீற்றர் ஏறும் பாதைக்குச் சமம். நாள் முழுவதும் அந்தக் காற்றை எதிர்த்து 100 கிலோமீற்றர் ஓட்டுபவர், சக்திக் கணக்கில் 3,000 மீற்றர் உயரம் ஏறியவராகிறார். பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். மலையேறியவருக்கு இறக்கம் என்று ஒன்று உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

'போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளும்தானே, கணக்குச் சரி' என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குச் சரியாகாது. போக 30, வர 30 கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில் 55 வாட்டில் 4 மணித்தியாலத்தில் முடியும். அதே உழைப்பில் காற்று நாளில் ஒரு வழி 1 மணி 12 நிமிடத்தில் முடியும். மற்ற வழியில் வேகம் 7 கிலோமீற்றர் சொச்சமாக விழுவதால் 4 மணித்தியாலத்துக்கு மேல் போகும். மொத்தம் 5 மணி 20 நிமிடம். தள்ளும் காற்றோடு இருப்பது கொஞ்ச நேரம், எதிர்க்கும் காற்றோடு கிடப்பது நீண்ட நேரம்.

பக்கக் காற்று பாதிக்காது என்பதும் தவறு. நேர் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் நம்மைச் சுற்றி ஓடும் காற்றின் மொத்த வேகத்தைக் கூட்டுகிறது, தடை அதனோடு கூடுகிறது. 15இல் போகும்போது 20 கிலோமீற்றர் பக்கக் காற்று, காற்றுத் தடையை மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி, பளை வரை ஏ9 கிழக்கும் தென்கிழக்குமாகப் போவதால் ஆடியில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆனையிறவைத் தாண்டி பரந்தன், கிளிநொச்சி என்று வீதி தெற்கே திரும்பியதும் அதே காற்று வலது முன்பக்கத்துக்கு வந்துவிடும். நாவற்குழியில் திரும்பி, கேரதீவு வழியாக 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிக்குப் போகும் பாதை தூரத்தைக் குறைக்கும். ஆனால் நீரேரிக்கு நடுவே நிழலும் மறைப்பும் இல்லாத பாதை அது. ஆடியில் தெற்கே போகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆக, குடாநாட்டிலிருந்து தெற்கே புறப்படும் பயணத்துக்குத் தை கடைசியும் மாசியும் பொருத்தம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், வாடை பின்னாலிருந்து தள்ளும். தெற்கிலிருந்து வடக்கே வருபவர்களுக்கு ஆனி, ஆடி. 2011இல் நடந்து வந்தவர்களின் முதுகில் சோளகம் இருந்தது. நடப்பவருக்கு அது பெரிய உதவியில்லை, மணிக்கு 5 கிலோமீற்றரில் காற்றுத் தடை சொற்பம். சைக்கிளில் வந்திருந்தால் அதன் அருமை தெரிந்திருக்கும்.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று வேகம் வழக்கமாக 10 மீற்றர் உயரத்துக்குச் சொல்லப்படுகிறது. தரையின் உராய்வால், சைக்கிள்காரரின் நெஞ்சு மட்டத்தில் வெட்டவெளியில் அதன் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். அறிக்கையில் 30 என்றால் உங்களுக்கு 20. கிடுகு வேலியும் மதிலும் உள்ள ஒழுங்கைகளில் இன்னும் குறைவு. நேர் வீதியை விட்டு ஊருக்குள் நெளியும் உள்வீதியில் போனால் சில நேரம் முந்திப் போய்ச் சேரலாம்.

சைக்கிளின் எடையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அதிகம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் காபன் சட்டகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சமதரையில் 5 கிலோ கூடுவதால் தேவைப்படும் வலு 2 சதவீதம் அளவே கூடும். மாத்தளை ஏற்றத்தில் அந்த 5 கிலோ கதை வேறு, குடாநாட்டில் அது பொருட்டே இல்லை. ஆனால் அறக்கொடைப் பயணங்களில் எல்லாரும் கரியரில் ஒரு கொடியைக் கட்டுகிறார்கள், முன்னால் ஒரு பதாகையையும் தொங்கவிடுகிறார்கள், ஆளுக்கு ஒரு அளவு பெரிய ரீ-சேர்ட்டும் படபடக்கும். இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சைக்கிள் மிச்சப்படுத்தியதை இரண்டு முழத் துணி விழுங்கிவிடும். கொடியை வாகனத்தில் கட்டுங்கள். சைக்கிள்காரர் முழங்கையை மடித்துக் கொஞ்சம் குனிந்தாலே காற்றுத் தடை கணிசமாகக் குறையும்.

இன்னொரு இலவச உதவி, முன்னால் போகிறவரின் முதுகு. அவர் கிழித்த காற்றில் ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். காற்று எதிரே எவ்வளவு பலமோ லாபமும் அவ்வளவு. ஆனால் முன்னவரின் பின்சில்லுக்கும் உங்கள் முன்சில்லுக்கும் இடையே அரை மீற்றர் விட்டு ஓட்டுவது பழகாதவர்களுக்கு ஆபத்து. ஒரு மீற்றருக்கு மேல் விட்டாலும் பயன் உண்டு. சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். பக்கக் காற்றுக்குச் சாய்வரிசையாகப் போவது பந்தய வழக்கம். ஏ9இல் சொகுசு பஸ்கள் வரும் வேகத்துக்கு அது தற்கொலை. அங்கே ஒற்றை வரிசைதான்.

மலையில்லாத ஊருக்குக் கியர் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். லுமாலாவோ பழைய ராலியோ, 44 பல் முன்சக்கரமும் 18 பல் ஃபிரீவீலும் உள்ள 28 அங்குலச் சில்லு சைக்கிளை ஒரு சுற்று உழக்கினால் ஏறத்தாழ 5.5 மீற்றர் நகரும். 20 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று, கால் சுகமாக உணரும் வேகம். எதிர்காற்றில் வேகம் 8 ஆக விழுந்தால் 24 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மாடிப்படி ஏறுவது போல் மிதிக்க வேண்டும். தசை வேகமாகவும் இலேசாகவும் சுருங்கினால் ஒட்சிசனைக் கொண்டு காலம் தள்ளும். மெதுவாகவும் முறுகியும் சுருங்கினால் விரைவாகச் சோரும், முழங்கால் மூட்டும் வலிக்கும். கியர் சைக்கிள் வாங்க வசதியில்லாதவர்கள் சைக்கிள் கடையில் ஃபிரீவீலை 22 பல்லாக மாற்றிக்கொள்ளலாம். உயர் வேகம் குறையும். அந்த வேகத்தில் யாரும் போகப் போவதுமில்லை.

முதுகில் காற்று இருந்தால் எல்லாம் சுகம் என்று இதுவரை எழுதியதைப் படித்தவர்கள் நினைக்கக்கூடும். காலுக்குத்தான் சுகம். உடம்பு முழுதாகப் பார்த்தால் நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ்.

தசை ஒரு திறன் குறைந்த எந்திரம். உண்ட சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 100 வாட்டில் உழக்குபவர் 350 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். 33 பாகை வெயிலில் தோலுக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். கணக்குப்படி மணிக்கு அரை லீற்றர் போதும். ஆனால் 'முழுவதும் ஆவியானால்' என்பதுதான் சிக்கல். சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கடல் சூழ்ந்த குடாநாட்டின் ஈரக் காற்று நீராவியை ஏற்கத் தயங்கும், வெயிலும் தன் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கும். ஆகவே உண்மையில் ஒரு லீற்றர் போகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

எதிர்காற்றில் 15இல் போகிறவரின் தோல்மேல் 35 கிலோமீற்றர் காற்று ஓடுகிறது, ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போகிறது. பின்காற்று 20இல் தள்ள 25இல் பறக்கிறவரின் தோல்மேல் ஓடுவது வெறும் 5 கிலோமீற்றர் காற்று. நின்று புழுங்குகிற நிலைதான். ஆடி மாதத்தில் வவுனியாவிலிருந்து வடக்கே பறந்து வந்து, ஓமந்தை தாண்டி மாங்குளம் வருவதற்குள் தலை சுற்றி இறங்குகிறவருக்கு, 'காற்று உதவியாகத்தானே இருந்தது' என்ற குழப்பம் வரும். உதவிய காற்றுதான் குளிரைப் பறித்தது. பின்காற்று நாளில் வேகத்தை நம்பி உச்சி வெயிலில் ஓட்டக் கூடாது. தலையிலும் கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போக வேண்டிய நாள் அது.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வந்து மூன்றாம் நாளே சைக்கிள் ஏறுபவர்களுக்கு இது இருமடங்கு ஆபத்து. வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் தினமும் ஒரு மணித்தியாலமளவு வெப்பத்தில் மிதமாக உழைத்தால் இரத்தத்தின் திரவப் பகுதி பெருகும், இதயத் துடிப்பு தணியும், வியர்வை முன்கூட்டியே தொடங்கி அதிகமாகச் சுரக்கும். வியர்வையில் போகும் உப்பும் குறையும், ஏனெனில் வியர்வைச் சுரப்பியின் குழாய் சோடியத்தை மீளப் பிடித்துக்கொள்ளப் பழகிவிடும். இரண்டு வாரம் முன்னதாக வந்து மாமா வீட்டில் நிற்க விடுமுறை கிடைக்காதவர்கள், அங்கேயே உடற்பயிற்சி முடிந்ததும் சுடுநீர்த் தொட்டியில் அரை மணித்தியாலம் இருப்பதால் ஓரளவு இதே மாற்றத்தைப் பெறலாம். பழகிய உடம்பும் குளிர் நாட்டில் சில வாரங்களில் மறந்துவிடும். ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்ற பெருமை வியர்வைச் சுரப்பிக்குத் தெரியாது.

என்ன குடிப்பது என்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கங்களும் உண்டு, ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. இளநீர் எல்லாம் தரும் என்பது அந்த நம்பிக்கை. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் இளநீர் அருமையான பானம். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி, மயக்கமும் வலிப்பும் வரலாம். தாகம் கேட்கும்போது குடிப்பதும், நீண்ட நாட்களில் உப்பும் சீனியும் உள்ளதைக் குடிப்பதும் நடைமுறைக்கு நல்லது.

உப்போடு சீனி ஏன்? குடற்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே எடுக்கும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். 1960இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை முன்வைத்தார். வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெற்றின் அடிப்படை அதுவே. உலக சுகாதார அமைப்பின் 2002ஆம் ஆண்டு அளவில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உண்டு. வயலுக்குப் போகிறவர் உப்புப் போட்ட கஞ்சியோடு போனதில் இதே வேலைதான் நடந்தது. அரிசியின் மாச்சத்து உடைந்து குளுக்கோசாகி உப்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பயிற்சி நாட்களில் புறப்படும் முன்பும் வந்த பின்பும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். உங்கள் உடம்புக்கு மணிக்கு எவ்வளவு தேவை என்பதை எந்தப் புத்தகத்தையும் விட அந்தத் தராசு சரியாகச் சொல்லும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் புரதப் பொடி வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். 20 கிலோமீற்றர் வேகத்தில் 100 கிலோமீற்றர் போக ஏறக்குறைய 1,900 கிலோகலோரி செலவாகும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். கொழுப்பும் கூட எரிவதால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. முதல் நாள் இரவு சேமிப்பை நிரப்பாதவருக்கு இரண்டாம் நாள் மத்தியானம் கால் கனக்கும், மூன்றாம் நாள் காலையில் சைக்கிளைப் பார்க்கவே பிடிக்காது. நிரப்புவதற்கு மாச்சத்து வேண்டும். ஓட்டி முடித்த முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தசை அதை வேகமாக வாங்கும். புட்டும் இடியப்பமும் சோறும் உள்ள ஊரில் இது ஒரு பிரச்சினையே அல்ல. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, அதாவது இரண்டு கதலிப்பழமும் ஒரு துண்டுப் பனங்கட்டியும். பனங்கட்டியின் சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும். இரண்டுக்கும் குடலில் வெவ்வேறு வாசல்கள் இருப்பதால் வெறும் குளுக்கோசை விட அதிகமாக உள்ளே போகும். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் ஜெல் பக்கெற்றிலும் இதே கலவைதான், விலை மட்டும் வேறு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் இறங்கிக் கச்சான் வாங்குவார்கள். கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் அதை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை மணிக்குப் புறப்படுவது? வெயிலுக்கு முன் என்பது எல்லாருக்கும் தெரியும். காற்றுக்கும் அதுவே நேரம். இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்று கனத்து அடங்கிக் கிடக்கும், மேலே ஓடும் பலத்த காற்றோடு கலக்காது. சூரியன் ஏறித் தரை சுட்டதும் காற்று மேலும் கீழும் கலங்கி, மேலே இருந்த வேகம் கீழே இறங்கும். கடற்காற்றும் சேரும். காலை ஒன்பது மணிக்குப் பின் வல்லைவெளியும் பண்ணைத் தாம்போதியும் வேறு இடங்களாகிவிடுகின்றன. ஆகவே ஐந்து மணிக்குப் புறப்பட்டு பத்துக்குள் அன்றைய தூரத்தில் பெரும் பங்கை முடிப்பது உத்தமம். வன்னிக்குள் போனபின் இதில் ஒரு திருத்தம் வேண்டும். மாடுகள் வீதியில் படுத்திருக்கும், வவுனியாவுக்குத் தெற்கே காட்டு யானைகள் கடக்கும் இடங்களும் உண்டு. அங்கே நிலம் வெளிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயமும் இரத்தமும் சில வாரங்களில் தேறும். தசைக்குள் மயிர்த்துளைக் குழாய்களும் இழைமணிகளும் பெருக 8 முதல் 12 வாரம் வேண்டும். தசைநாண்கள் அதைவிட மெதுவாகவே உறுதிப்படும். மூச்சு வாங்கவில்லை என்ற தைரியத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டுபவருக்கு முழங்கால் வலி வருவது அதனால்தான். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. நிற்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைக்கிறோம். அப்போது ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அதிகமாக மடங்கி, சில்லெலும்பு அழுத்தப்படுகிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். சீற்றுக்கு மேல் பஞ்சு வைத்துத் தைப்பதும் வேண்டாம். உடம்பின் பாரத்தை இரண்டு இருப்பெலும்புகள் தாங்க வேண்டும். மெத்தென்ற சீற்றில் அவை அமிழ்ந்து, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள இடையிடம் நசுங்கும்.

ஒரே நாளில் 100 கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்தேன் என்பது ஒத்திகை ஆகாது. அடுத்தடுத்து இரண்டு நாள், அதே சீற்றில், அதே உடுப்போடு, அதே சாப்பாட்டோடு. முதல் நாள் பருத்தித்துறை போய் வரலாம், மறுநாள் பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். தீவுப்பாதைத் தாம்போதிகளைப் போலக் காற்றைப் பழக்கும் பள்ளிக்கூடம் நாட்டில் அதிகம் இல்லை. ரயருக்குக் காற்றைப் பம்ப் கொண்டு அளவாக அடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது, தளர்ந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி வலுவைத் தின்னும். 28 அங்குல ரியூபுக்கும் 26க்கும் ஒட்டுப்போட எந்தச் சந்தியிலும் ஆள் உண்டு. பிரெஸ்டா வால்வு வைத்த 700சி ரியூப் கொண்டுவருகிறவர்கள் உபரியையும் கையோடு கொண்டுவர வேண்டும். குரோம் பூசிய இரும்பு றிம்மில் ரப்பர் பிரேக், நனைந்தால் பாதி வேலைகூடச் செய்யாது. தம்புள்ளைக்குத் தெற்கே மலைப்பாதையில் போக நினைப்பவர்கள் இதை ஊரிலேயே மாற்றிவிட வேண்டும்.

பின்னால் வரும் வாகனத்தில் ஒலிபெருக்கிக்கு இடம் ஒதுக்குவதற்கு முன் ஐஸ் பெட்டிக்கு ஒதுக்குங்கள். ஓட்டுபவர் ஒருவர் உளறினாலோ, நேராக நிற்காமல் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது வெறும் களைப்பல்ல. உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்வை ஓடிக்கொண்டிருந்தாலும் வெப்பத்தாக்குதான். ஆளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. செய்ய வேண்டிய ஒழுங்கு மறுவளம். அம்புலன்சை அழைத்துவிட்டு அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும், பிறகுதான் பயணம். கழுத்தளவு குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதற்கு இணையான சிகிச்சை இல்லை. முதல் அரை மணித்தியாலமே மூளையையும் ஈரலையும் காக்கிறது. குடாநாட்டுத் தோட்டங்களில் கிணற்றடிக்குக் கிணற்றடி இறைப்புத் தொட்டி இருக்கிறது. தலையைத் தண்ணீருக்கு மேல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மோட்டரைப் போட்டு ஐஸையும் கொட்டலாம். வன்னி வீதியில் அது கிடையாது. தார்ப்பாய் ஒன்றின் நான்கு மூலையையும் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி அசைத்துக்கொண்டிருக்கலாம். ஆறு மீற்றர் தார்ப்பாய், நாற்பது லீற்றர் தண்ணீர், ஐஸ் பெட்டி இரண்டு. பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரைக் கிடத்தி நாலு பேரும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.